கதைக்காரியின் சாட்சியம்

"இந்தக் கதையை எழுதியவர் நீங்கள்தானா?" என்று கேட்டபடி, அரச தரப்பில் வந்திருந்த மனிதர் மேசைக்கு மேலாக ஒரு தாள்கட்டைத் தள்ளினார். கஜந்தினி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். மேலே அவளுடைய பெயர். அதன் கீழே, ஓர் இணைய இதழில் பல வருடங்களுக்கு முன் அவள் எழுதிய 'குப்புறப் படுப்பவன்' என்ற சிறுகதை, யாரோ கூலிக்கு மொழிபெயர்த்த ஆங்கிலத்தில் கிடந்தது. அவளுடைய கதையொன்று ஆங்கிலத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. இரண்டு தொகுப்புகள் போட்டு, லண்டனில் இல்ஃபோர்டிலும் ஹரோவிலும் நாற்பது பேருக்கு மேல் சேராத கூட்டங்களில் அவற்றை வெளியிட்டு, ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கியவளுக்கு, கடைசியில் கிடைத்த வாசகர் இவர்.

"நான்தான்" என்றாள் ஆங்கிலத்தில்.

அது மேன்முறையீட்டு மன்றின் சின்ன விசாரணை அறை. ஜன்னல் இல்லை. நீதிபதிக்குத் தடிமன், திசுத்தாள் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு அருகே றூபன் இருந்தான். ஒல்லியான ஆள். இரவல் வாங்கிய கோட்டின் கை நீளம் அவன் விரல்களை மூடியிருந்தது. அவனுடைய தஞ்சக் கோரிக்கையை ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள். இது அதற்கெதிரான வழக்கு. அவனுக்காக வாதாட வந்திருந்த கீர்த்திகா லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவள். காலையில் வாசலில் வைத்து அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: "அன்ரி, பிளீஸ், கோவப்படாதைங்கோ. நீங்கள் கோவப்பட்டா றூபனுக்குத்தான் அடி."

கஜந்தினியின் கோபம் ஊரறிந்தது. கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் முதியோர் பிரிவில் அவள் கொன்சல்டன்ட் வைத்தியர். படுக்கைப்புண் வந்த ஒரு கிழவரைக் கண்டுவிட்டால் வார்டே அடங்கிப்போகும். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து, இங்கே வந்து மறுபடி பரீட்சைகள் எழுதி, வேல்ஸில் ஒரு மழைபெய்யும் ஊரில் தன் பெயரைக் 'கேஜ்' என்று சுருக்கியவர்களோடு வேலை பார்த்து ஏறி வந்தவள். ஓய்வு நாட்களில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தஞ்சம் கேட்டு வந்தவர்களின் உடம்புகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அந்த அறிக்கைகளில் ஓர் உவமை வரக்கூடாது. 'ஒத்துப்போகிறது', 'மிகவும் ஒத்துப்போகிறது' என்ற அளந்த சொற்கள் மட்டும். அந்தச் சொற்களுக்குள் அடங்காததை வீட்டுக்கு வந்து தமிழில் எழுதினாள். ஒன்றை மற்றது அறியாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"உங்கள் கதையில் வரும் இளைஞனின் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை ஏணிப்படிகள் போல் சூட்டுத் தழும்புகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம்... ஆம்."

"மேன்முறையீட்டாளரின் முதுகைப் பற்றிய உங்கள் அறிக்கை, சமாந்தரமான, ஒரு பக்கமாகச் சரியும் கோடுகள் என்கிறது. இரண்டும் ஒன்றுதானே?"

"ஒத்தவை."

"கதை வெளியானது, தன்னைப் பிடித்துக்கொண்டு போனதாக அவர் சொல்லும் நாளுக்கு முன்பு."

"ஆம்."

"இணையத்தில் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் வாசிக்கலாம்." அந்த மனிதர் குரலை உயர்த்தவேயில்லை. முப்பதுகளில் இருப்பார். நகங்களைச் சுத்தமாக வெட்டியிருந்தார். "மயக்க மருந்து கொடுத்து, சம்மதித்த ஒருவரின் முதுகில் இப்படியான அடையாளங்களை இன்னொருவர் உண்டாக்க முடியுமா, டொக்டர்? மருத்துவ ரீதியாக மட்டும் கேட்கிறேன்."

"முடியாதென்று சொல்லமுடியாது. ஆனால்..."

"நன்றி. அதற்கு அவர்களுக்கு ஒரு மாதிரி தேவைப்படும், இல்லையா?"

மொழிபெயர்ப்பாளர் அதைத் தாழ்ந்த குரலில் றூபனுக்குச் சொல்ல, அவன் தலை மெல்ல நிமிர்வதைக் கஜந்தினி கடைக்கண்ணால் கண்டாள். அவளுக்குக் காதுமடல்கள் சுட்டன. தன் கதையைப் பார்த்து ஒருவன் தன் முதுகைச் சுடக் கொடுத்தான் என்கிறார் இந்த ஆள். கதிரையின் அடிப்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அங்கே யாரோ ஒட்டிவிட்டுப்போன சுவிங்கம் காய்ந்து கல்லாக இருந்தது.

"ஒருவரை ஒரு நீள மர வாங்கில் குப்புறப் படுக்கப்போட்டு," என்றாள் நிதானமாக, "கையையும் காலையும் பிடித்துக்கொண்டு, சுடுபவர் ஒரே பக்கத்தில் நின்று சுட்டால், தழும்பு இப்படித்தான் விழும். அவருடைய கை களைக்கக் களைக்கக் கோடு சரியும். யாழ்ப்பாணத்தில் செய்தாலும் சரி, இந்த அறையில் செய்தாலும் சரி. இதற்கு ஒருவரும் கதை வாசிக்கத் தேவையில்லை."

நீதிபதி மூக்கைத் துடைத்துவிட்டு எழுதினார்.

"அப்படியானால் உங்கள் கதையில் உள்ள முதுகு கற்பனையா, உண்மையா?"

பொறி எங்கே இருக்கிறதென்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கற்பனை என்றால், உங்கள் கற்பனை எப்படி இன்னொருவரின் தோலில் வந்தது என்பார். உண்மை என்றால், யார் என்பார். நோயாளி என்றால், நோயாளியின் இரகசியத்தை விற்ற வைத்தியர் என்பார். கீர்த்திகா எழுந்து ஏதோ ஆட்சேபித்தாள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "எனக்கும் இதற்கு விடை உதவும், டொக்டர்" என்றார்.

"கற்பனை இல்லை."

"யாருடையது?"

"அதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை."

"சாட்சி பதில் சொல்ல மறுக்கிறார் என்று குறித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார் அந்த மனிதர். கேட்டுவிட்டு, தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினார்.

மேலதிகச் சான்றுகள் ஏதும் இருந்தால் கொண்டுவர இடம் கொடுத்து, நீதிபதி வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே நடைவழியில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், றூபன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"நீங்கள் கதையும் எழுதுவியளோ?"

"ஓம், றூபன்."

"எனக்குத் தெரியாது." அவன் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குவதாக முதலில் நினைத்தாள். பயமில்லை. "நான் அதை வாசிக்கேல்லை. வாசிக்கேல்லை எண்டு நான் என்னெண்டு காட்டுறது? சுட்டதுக்குத் தழும்பு இருக்கு. வாசிக்காததுக்கு எங்கை போய் அடையாளம் எடுக்கிறது? சொல்லுங்கோ."

அவன் கோட்டின் கைகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். கீர்த்திகா கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்: "அன்ரி, ஆர் அது? உயிரோட இருக்கிறாரா?"

"மோர்டனிலை மீன் கடை வைச்சிருக்கிறார்" என்றாள் கஜந்தினி.

ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, இடையில் மாறி, மோர்டன்வரை போனாள். வழி முழுக்க அவளுக்குள் அந்த மனிதரோடு வாக்குவாதம் நடந்துகொண்டேயிருந்தது. அறையில் சொல்லாமல் விட்ட பதில்களெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொன்றாக வந்து ஏறின. கதை எழுதுகிற ஒருத்தியின் கண் கெட்டுப்போகுமென்றால், கதையே வாசிக்காத ஒருவரின் கண் மட்டும் நேராகிவிடுமா? அந்த ஆள் ஒரு முதுகையாவது கிட்ட நின்று பார்த்திருப்பாரா? ஸ்டொக்வெல்லில் எதிர் இருக்கையில் வந்திருந்த பெண், கஜந்தினியின் உதடுகள் அசைவதைக் கண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

அண்ணன் ஞானேஸ்வரன் அவளைவிட மூன்று வயது மூத்தவர். கடையில் கூட்டம் குறைந்திருந்தது. ஐஸ் பரப்பிய தட்டில் விளைமீனும் பாரையும் கிடந்தன. ரப்பர் ஏப்ரனும் சப்பாத்துமாக நின்று ஒரு மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தவர், தங்கையைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன, சொல்லாமல் கொள்ளாமல்?"

"கதைக்கவேணும், அண்ணை."

கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுக் கதவில் 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். றூபனை, அறையை, தாள்கட்டை, கேள்வியை. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. செதில்கள் அவர் முழங்கையில் ஒட்டி மினுங்கின. அவள் முதலாம் வருட மாணவியாக இருந்தபோது, பிடித்துக்கொண்டு போனவர்கள் அவரை ஒரு விடியற்காலையில் சந்தியில் கொண்டுவந்து போட்டார்கள். அறை ஜன்னலைச் சாத்திவிட்டு, வெந்நீரில் துணி நனைத்து அவருடைய முதுகை ஒற்றியவள் அவள். ஒருவருக்கும் தெரியக்கூடாதென்று சொன்னார். தெரிந்தால் மறுபடி வருவார்கள். பிறகு லண்டன் வந்தார்கள், யாரும் வரப்போவதில்லை என்று ஆனது. அப்போதும் அந்தப் பேச்சு மாறவில்லை.

"நீ எழுதினதை நான் வாசிச்சனான்" என்றார்.

"சொல்லேல்லையே."

"என்னத்தைச் சொல்ல? நல்லா எழுதியிருக்கிறாய் எண்டோ?" கத்தியை மீனின் வயிற்றில் வைத்து இழுத்தார். "வாட்ஸ்அப்பிலை ஆரோ அனுப்பினதெண்டு கமலம்தான் வாசிச்சுக் காட்டினவ. பாவம் அந்தப் பொடியன் எண்டு சொல்லி அழுதவ. நான் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சனான்."

"மச்சாளுக்குத் தெரியாதோ?"

"கொழும்பிலை பேக்கரியிலை நிக்கேக்கை சூடான தட்டு றாக் சரிஞ்சு முதுகிலை விழுந்தது. அதுதான் அவவுக்குத் தெரியும். நீ மட்டுமோ கதை எழுதுறனி?"

குழாயைத் திறந்து இரத்தத்தைக் கழுவிவிட்டார். கஜந்தினி அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். "வேறை ஒரு டொக்டர் பார்த்து, படம் எடுத்து, கதையிலை இருக்கிறது உங்கடை முதுகெண்டு நீங்கள் ஒரு வாக்குமூலம் குடுத்தாக் காணும். நான் கிட்டவும் வரமாட்டன். அண்ணை, அவனைத் திருப்பி அனுப்பப்போறாங்கள்."

"அதுக்கு என்ரை முதுகை மேசையிலை போடவேணுமோ? வெள்ளைக்காரன் நிறுத்துப் பாக்க?" இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "ஒருக்காக் கேளாமல் எடுத்தாய். இப்ப வந்து கேட்டு எடுக்கிறாய். உனக்கு எப்பவும் ஆரோ ஒருத்தன்ரை முதுகு வேணும். ஆஸ்பத்திரியிலையும் வேணும், கதையிலையும் வேணும்."

"நான் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டுதானே இருந்தனான்?"

"பொத்தேல்லை. எழுதினாய்."

அவளுக்கு முகம் சிவந்தது. "எழுதினன்தான். அதுக்கென்ன? அந்தத் துணியைப் பிழிஞ்ச கை என்ரை கை. அந்தச் சட்டியிலை இருந்த தண்ணியை மாமரத்தடியிலை ஊத்தினது நான். உங்களுக்கு மட்டும் நடந்ததெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ? நீங்கள் கதைக்கமாட்டியள், என்னையும் கதைக்க விடமாட்டியள். நான் என்ன செய்யிறது, அதை விழுங்கிக்கொண்டு சாகிறதோ?"

தெருவில் ஒரு பஸ் போய், கடைக் கண்ணாடி அதிர்ந்தது. ஞானேஸ்வரன் ஏப்ரனில் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அவனுக்கு எந்தப் பக்கமாச் சரியுது?"

"வலப்பக்கம்."

"எனக்கும் அப்பிடித்தானோ?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பாத்ததில்லை" என்றார். "கண்ணாடிக்கு முதுகு காட்டி நிண்டதில்லை. நீ எழுதினதிலைதான் முதல்முதலாப் பாத்தனான்." பலகையை மறுபடி திருப்பிக் கதவைத் திறந்துவிட்டார். "போ. நான் வரமாட்டன்."

கஜந்தினி திரும்பி வந்தாள். அந்தக் கிழமை முழுதும் வார்டில் எல்லோரையும் கடிந்தாள். பிழை செய்தவர்களையும் செய்யாதவர்களையும். அண்ணனை அழைக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கீர்த்திகா போன் எடுத்து, மோர்டனிலிருந்து ஒருவர் தானாக வந்ததாகவும், வேறொரு வைத்தியர் அவரையும் றூபனையும் பார்த்து முடித்துவிட்டதாகவும் சொன்னாள். "ஒரே ஒரு கொண்டிஷன் சொன்னவர், அன்ரி. அவர் கதைக்கேக்கை நீங்கள் உள்ளுக்கு இருக்கக்கூடாது."

விசாரணை நாளன்று அவள் நடைவழியில் இருந்தாள். ஞானேஸ்வரன் சாம்பல் நிற சூட் போட்டு வந்தார். அவருக்குப் பின்னால் மனைவி கமலாம்பிகை வந்தாள். அழுது முடித்த முகம். நாத்தனாரைப் பார்த்தும் பாராததுபோல் கணவனோடு உள்ளே போனாள். மனைவி உள்ளே இருக்கலாம், தங்கை கூடாது. கதவைச் சாத்தினார்கள். தடித்த கதவு. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஒருமுறை மட்டும் அண்ணனுடைய குரல் உயர்ந்தது. என்ன சொன்னாரென்று விளங்கவில்லை. அவளுக்கு இருந்த கோபத்தில் எழுந்து கதவில் காதை வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. கையிரண்டையும் தொடைகளுக்கடியில் வைத்து, அதன்மேல் இருந்தாள்.

வெளியே வந்தவர் அவளுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். "உள்ளுக்கை சொன்னதை ஆரிட்டையும் கேளாதை" என்றார். பிறகு மனைவியோடு லிப்டுக்குள் போய்விட்டார்.

அரச தரப்பின் கடைசி வாதத்தைக் கீர்த்திகாதான் சொன்னாள். வைத்தியரின் குடும்பத்திலேயே இப்படியொரு தழும்பு இருப்பதால், அவர் நடுநிலையானவர் இல்லை என்றாராம் அந்த மனிதர். அப்படியொரு தழும்பே இல்லையென்றால், கதை கற்பனை என்றிருப்பார். கஜந்தினி சிரித்தாள். பக்கத்தில் நின்ற காவலாளி திரும்பிப் பார்க்குமளவுக்கு அந்தச் சிரிப்பு இருந்தது.

தீர்ப்பு வந்தது. றூபன் வென்றான். நீதிபதி அவனுடைய சொல்லை நம்பினார், மீன்கடைக்காரரின் சாட்சியத்தை நம்பினார், மற்ற வைத்தியரின் படங்களை ஏற்றுக்கொண்டார். கஜந்தினியைப் பற்றி ஒரு பந்தி தனியாக இருந்தது. அவர் புனைகதை எழுதுபவர் என்பதாலும், சொந்த அக்கறை உள்ளவர் என்பதாலும், அவருடைய அறிக்கைக்கு எந்த எடையும் தரப்படவில்லை. அதே தழும்புகளை, அதே சொற்களில், அவளுக்குப் பிறகு பார்த்த வைத்தியர் எழுதியிருந்தார். அவருக்கு எடை இருந்தது. அவர் வார இறுதியில் கொல்ஃப் விளையாடுபவர் என்று அவரே அவளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதை யாரும் கேட்கவில்லை.

தொண்டு நிறுவனம் மிகவும் மரியாதையாக, கொஞ்சக் காலத்துக்கு ஓய்வெடுத்துக்கொள்ளும்படி கேட்டது. இனி அவள் எழுதும் ஒவ்வொரு அறிக்கையோடும் இந்தப் பந்தியையும் காட்டுவார்களாம். கதைகளை இணையத்திலிருந்து எடுத்துவிட்டால் பிறகு பார்க்கலாம் என்றார் அதன் பொறுப்பாளர். "ஒண்டையும் எடுக்கமாட்டன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த நீதிபதிக்குப் பதில் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பவும் உட்கார்ந்தாள். கீர்த்திகா கெஞ்சினாள். அரச தரப்பு மேல் மன்றுக்குப் போக இன்னும் அவகாசம் இருக்கிறது, இப்போது ஒன்றும் எழுதவேண்டாம், றூபனுக்காக. அதையும் விழுங்கினாள். நெஞ்சுக்குள் எங்கேயோ இவற்றுக்கெல்லாம் இன்னமும் இடம் இருந்தது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை றூபன் அழைத்து, அவளைப் பார்க்கவேண்டும் என்றான். இல்ஃபோர்டில் பூங்காக் குளத்தடியில் சந்தித்தார்கள். இந்தத் தடவை தனக்கு அளவான ஒரு ஜாக்கெட் போட்டிருந்தான். கொஞ்சநேரம் வாத்துகளைப் பார்த்துவிட்டு, "அந்தக் கதை இருக்கோ, அக்கா?" என்று கேட்டான். "அங்கை இருந்த எல்லாரும் வாசிச்சவை. நான் மட்டும்தான் வாசிக்கேல்லை."

அவள் போனில் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் உதடுகளை அசைத்து, மெதுவாக வாசித்தான். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் பாணைப் பிய்த்துப் போட, வாத்துகள் ஒன்றின் கழுத்தை ஒன்று கொத்திக்கொண்டன. கஜந்தினி அவனுடைய முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதிலை அவன் அழுகிறான்" என்றான் றூபன்.

"ஓம்."

"நான் அழேல்லை." அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "ஒருக்காலும் அழேல்லை. நீங்கள் ஏன் இவனை அழவைச்சனீங்கள்?"

அண்ணனும் அழவில்லை. ஜன்னல் சாத்திய அந்த அறையில் அழுதது யாரென்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். றூபன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவன் மறுபடி போனுக்குள் குனிந்துவிட்டான், அதே இடத்துக்கு. திரை மங்கியபோது பெருவிரலால் ஒருமுறை தொட்டான். வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டான். வரி நகரவில்லை.